கோடை மின்கட்டணமும் ஏசி செலவும்: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஏசி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஐசிபிங்கோ, உம்ஷ்லாங்கா என்று எந்தப் பகுதிக்குப் போனாலும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை வேலை முடிந்து கருவிகளை எடுத்து வைக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் கையில் மின்கட்டண ரசீதோடு வந்து நிற்பார். கோயிலில் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, ஒரு யூனிட்டின் விலையை எல்லா இடத்திலும் 3 ராண்ட் என்று வைத்திருக்கிறேன். உங்கள் ரசீதில் 15 சதவீத வாட் வரியையும் சேர்த்து என்ன விலை வருகிறதோ, அதை அந்த இடத்தில் போட்டுக் கொள்ளுங்கள்.

1. கோடையில் பில் ஏறுவதற்கு ஏசிதானே காரணம்?

ஒரு காரணம், ஆனால் பல வீடுகளில் முதல் காரணம் அதுவல்ல. நம் ஊரில் மார்கழியும் தையும் கோடைக் காலம். அதே மாதங்களில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது, ஜோகன்னஸ்பர்கிலிருந்தும் கேப்டவுனிலிருந்தும் உறவினர்களும் வருகிறார்கள். நான்கு பேர் இருந்த வீட்டில் ஒன்பது பேர் குளித்து, சமைத்து, பகல் முழுவதும் தொலைக்காட்சி பார்த்தால், ஏசியே இல்லாத வீட்டிலும் மீட்டர் வேகமாக ஓடத்தான் செய்யும். வெயிலில் குளிர்சாதனப் பெட்டியும் உறைபெட்டியும் கூடுதலாக உழைக்கின்றன. நீச்சல் குளம் உள்ள வீடுகளில் பம்ப் அதிக நேரம் ஓடுகிறது.

ஏசி புதிதாக வந்த பொருள், சத்தம் போடும் பொருள், நாமே பொத்தானை அழுத்தி ஓட்டும் பொருள் என்பதால் பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது. கூரைக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும் கீசரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதைப் பற்றி நான்காம், ஐந்தாம் கேள்விகளில் விரிவாகச் சொல்கிறேன்.

2. ஏசியில் 12000 என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு கரண்ட் இழுக்குமா?

இழுக்காது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். ஏசியின் மேல் எழுதியிருக்கும் 9000, 12000, 18000, 24000 என்பவை பிடியு அளவுகள். அவை அறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ள முடியும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, மின்செலவைச் சொல்வதில்லை. 12000 பிடியு என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். அதை வெளியேற்ற அந்த ஏசிக்கு ஏறக்குறைய 1.1 கிலோவாட் மின்சாரம் போதும். ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால்தான் செலவழிக்கும் மின்சாரத்தைப் போல் மூன்று மடங்கு வேலை அதனால் செய்ய முடிகிறது.

உண்மையான மின்செலவு வெளியே இருக்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் 'இன்புட்' என்ற சொல்லுக்கு நேரே வாட் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். வெயிலில் எழுத்து மங்கியிருந்தால் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

3. ஒரு மணி நேரம் ஏசி ஓடினால் எத்தனை ராண்ட், அதைச் சொல்லுங்கள்.

முழு வேகத்தில் ஓடினால், 9000 பிடியு ஏசிக்குச் சுமார் 0.8 யூனிட், அதாவது 2.40 ராண்ட். 12000 பிடியுவுக்குச் சுமார் 3.30 ராண்ட். 18000 பிடியுவுக்கு ஏறக்குறைய 5 ராண்ட். வரவேற்பறையில் மாட்டும் 24000 பிடியு ஏசிக்கு 6.50 ராண்டுக்கு மேல்.

ஆனால் எந்த ஏசியும் இரவு முழுவதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கதவு ஜன்னல் சாத்திய படுக்கையறையில் 9000 பிடியு ஏசி எட்டு மணி நேரம் ஓடினால், பெருக்கல் கணக்குப்படி 6.4 யூனிட் வர வேண்டும். நடைமுறையில் மூன்றிலிருந்து நான்கரை யூனிட் வரைதான் வரும். அதாவது ஓர் இரவுக்கு 9 முதல் 13.50 ராண்ட், முப்பது இரவுக்கு 270 முதல் 405 ராண்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் வரும்.

4. பக்கத்து வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது. எங்களிடம் ஒன்றுதான். எங்கள் பில் ஏன் அவர்களுடையதைப் போல் இரண்டு மடங்கு?

இந்தக் கேள்வியில் ஒரு சந்தேகமும் ஒளிந்திருக்கும்: பக்கத்து வீட்டுக்காரர் மீட்டரில் ஏதோ செய்திருக்கிறார் என்று. பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பக்கத்து வீட்டில் இரண்டு படுக்கையறை ஏசிகளுக்கு இரவுக்கு 8 யூனிட்; சூரிய வெப்பக் கீசர் என்பதால் அதற்கு 1 யூனிட்; சமையல் எரிவாயுவில்; குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து 4 யூனிட். மொத்தம் 13. உங்கள் வீட்டில் ஓர் ஏசிக்கு 4. மின்சாரக் கீசருக்கு 8. முக்கால் கிலோவாட் குளத்துப் பம்ப் எட்டு மணி நேரம் ஓடுவதற்கு 6. மின் அடுப்புக்கும் ரொட்டி, கேக் சுடும் மின் அவன் அடுப்புக்கும் 3. மற்றவற்றுக்கு அதே 4. மொத்தம் 25.

குளத்துப் பம்பை மட்டும் பாருங்கள்: நாளுக்கு 18 ராண்ட், மாதத்துக்கு 540 ராண்ட். மூன்றாம் கேள்வியில் சொன்ன படுக்கையறை ஏசியைவிட அது அதிகம். குழந்தைகள் குளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. நான் பார்த்தவரையில், ஏசியை அணைத்துவிட்டு வியர்வையில் படுத்துக்கொண்டு, தோட்டத்தில் பம்பை ஓட விட்டிருக்கும் வீடுகள் அநேகம்.

ஆகவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது ஏசிகளை எண்ணாதீர்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், தண்ணீர் எதில் சூடாகிறது, அடுப்பு எதில் எரிகிறது, குளம் இருக்கிறதா என்ற நான்கையும் கேட்ட பிறகு ஏசிக்கு வாருங்கள்.

5. கோடையில் யார் வெந்நீரில் குளிக்கிறார்கள்? கீசர் எப்படிச் செலவு வைக்கும்?

இந்நாட்டு வீடுகளில் வழக்கமாக இருப்பது 150 லிட்டர் கீசர். அதற்குள் 3 கிலோவாட் அளவில் ஒரு சூடேற்றி இருக்கும். குழாய்த் தண்ணீர் 25 டிகிரியில் வந்து, அதை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு முழுத் தொட்டிக்கு 6.1 யூனிட் ஆகும். ஜூலையில் தண்ணீர் 17 டிகிரியில் வந்தால் 7.5 யூனிட். ஆகவே கோடையில் கீசர் செலவு குறைவுதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. யாருமே குளிக்காவிட்டாலும் தொட்டியிலிருந்து வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும்; பழைய 150 லிட்டர் தொட்டியில் அதை ஈடுகட்டவே நாளுக்கு 2 யூனிட் போல ஆகும்.

வெயில் நாளில் ஐந்து பேர் இரண்டு முறை குளித்தால், ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம் வெதுவெதுப்பாக' என்று சூடான குழாயைத் திறந்தால், எட்டு யூனிட் என்பது சர்வ சாதாரணம். வீட்டு மின் இணைப்புகள் பிரியும் பெட்டியான டிபி போர்டில் கீசருக்கு ஒரு டைமர் பொருத்தி, குளிக்கும் வேளைக்கு முன் மட்டும் ஓட விடுவதும், தொட்டிக்கும் சூடான குழாய்க்கும் வெப்பக்காப்புப் போர்வை சுற்றுவதும் பலன் தரும். வெப்பநிலையை 50 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நோய்க் கிருமிகள் வளரும்.

6. போன ஜனவரி பில்லையும் இந்த ஜனவரி பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ராண்டில் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் செலவு ஏறவில்லை, சரியா?

ராண்டை வைத்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிடக் கூடாது. மாநகராட்சிகளின் விலை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாறுகிறது. நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக வாங்குவோருக்கு ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. எஸ்காமின் ஏற்றம் 2023இல் 18.65 சதவீதம், 2024இலும் 2025இலும் 12.74 சதவீதம். இவற்றை மாநகராட்சிகள் தங்கள் கட்டணத்தில் ஏற்றிக்கொள்கின்றன. எனவே அதே மின்சாரத்தைச் செலவழித்தவரும் கூடுதலாகக் கட்டுவார்; அதே தொகையைக் கட்டியவர் குறைவாகச் செலவழித்திருப்பார், அல்லது ரசீதின் நாட்கள் குறைந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: போன ஆண்டு 33 நாட்களுக்கு 520 யூனிட், யூனிட்டுக்கு 2.70 ராண்ட், மொத்தம் 1404 ராண்ட். இந்த ஆண்டு 29 நாட்களுக்கு 470 யூனிட், யூனிட்டுக்கு 3 ராண்ட், மொத்தம் 1410 ராண்ட். ஆறு ராண்ட்தான் வித்தியாசம். ஆனால் நாள் கணக்கில் பார்த்தால், போன ஆண்டு நாளுக்கு 15.8 யூனிட், இந்த ஆண்டு 16.2. மொத்த யூனிட் குறைந்தது போலத் தோன்றினாலும் பயன்பாடு சற்றுக் கூடியிருக்கிறது. யூனிட்டை நாட்களால் வகுத்து வருகிற எண் ஒன்றுதான் ஒப்பிடத் தகுந்தது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

7. நாங்கள் டிசம்பர் முழுவதும் வீட்டிலேயே இல்லை. ஆனாலும் பில் வழக்கம் போல வந்திருக்கிறதே?

மாதக் கடைசியில் பணம் கட்டும் பழைய வகை மீட்டர் உள்ளவர்களுக்கு இது நேரும். மீட்டரைப் பார்த்துக் குறிக்க ஆள் வராத மாதங்களில், முந்தைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாக ஓர் அளவு போட்டு ரசீது அனுப்புவார்கள். ரசீதில் அளவுக்குப் பக்கத்தில் அது உண்மையில் எடுத்ததா, உத்தேசமா என்று குறிக்கப்பட்டிருக்கும். பூட்டிய கேட்டும் நாயும் உள்ள வீடுகளில் உத்தேச ரசீதுகள் மாதக்கணக்கில் தொடர்வதுண்டு.

உத்தேச ரசீதை வைத்து ஏசி செலவைக் கணக்கிடுவது வீண் வேலை. நீங்களே மாதம் ஒரே தேதியில் மீட்டரைப் படம் பிடித்து, அந்த அளவை மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள். பல மாதம் குறைவாக உத்தேசித்துவிட்டு, பிறகு ஒருநாள் உண்மை அளவை எடுத்தால், பாக்கி முழுவதும் ஒரே ரசீதில் வந்து விழும். அது பிப்ரவரியில் விழுந்தால் எல்லோரும் ஏசியைத்தான் திட்டுவார்கள்.

8. ப்ரீபெய்ட் மீட்டரில் 500 ராண்டுக்கு முன்பு கிடைத்த யூனிட் இப்போது கிடைப்பதில்லை. மீட்டர் ஏமாற்றுகிறதா?

யூனிட் எத்தனை என்பதை மீட்டர் தீர்மானிப்பதில்லை. விற்கும் இடத்தில் கணக்கிட்டு, இருபது இலக்க எண்ணாக உங்கள் கையில் தருகிறார்கள். மீட்டர் அந்த எண்ணைப் படித்துக் கணக்கில் ஏற்றுகிறது, அவ்வளவே. குறைவாகக் கிடைப்பதற்கு ஆறாம் கேள்வியில் சொன்ன ஆண்டு விலையேற்றம் முதல் காரணம். பழைய பாக்கி இருந்தால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது இரண்டாவது. சில நகரங்களில் மாத நிலைக்கட்டணத்தை அந்த மாதத்தின் முதல் கொள்முதலில் கழித்துக்கொள்வது மூன்றாவது. சீட்டைக் கசக்கி எறிவதற்கு முன் அதில் என்னென்ன கழிக்கப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

9. மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கினால் மலிவா, அவ்வப்போது வாங்கினால் மலிவா?

டர்பன் மாநகராட்சியின் சாதாரண வீட்டுக் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒரே விலைதான். எப்போது வாங்கினாலும், எத்தனை முறை வாங்கினாலும் வேறுபாடு இல்லை. ஜூலை விலையேற்றத்துக்கு முன் ஜூனில் சற்றுக் கூடுதலாக வாங்கி வைப்பதில் மட்டும் சிறு ஆதாயம் உண்டு.

ஜோகன்னஸ்பர்கில் கதை வேறு. அங்கே ப்ரீபெய்ட் வீடுகளுக்கு, ஒரு மாதத்தில் வாங்கும் யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும். பத்து முறை வாங்கினாலும் மாத மொத்தம்தான் கணக்கு. பிப்ரவரிக்குத் தேவையானதையும் ஜனவரியிலேயே வாங்கினால், கூடுதல் யூனிட்டெல்லாம் மேல்படி விலையில் போய் நிற்கும். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கும் இப்படிப் படிகள் இருந்தன. 2025 ஏப்ரலில் அவை நீக்கப்பட்டன.

10. என் தம்பி ஜோகன்னஸ்பர்கில் இருக்கிறான். ஏசியே இல்லை, ஆனால் வருஷத்துக்கு என்னைவிட அதிகம் கட்டுகிறான். என்ன நியாயம்?

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியிலும் அங்கே இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்; ஜன்னலைத் திறந்தால் போதும். டர்பனில் அதே இரவில் 21 டிகிரியும் அதோடு புழுக்கமும் இருக்கும். அதனால் கோடையில் அவர் பக்கம் இலாபம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அவர் வீட்டில் ஹீட்டர் ஓடும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒரு மாலையில் நான்கு மணி நேரம் எரிந்தாலே எட்டு யூனிட். உங்கள் படுக்கையறை ஏசிக்கு அது இரண்டு இரவுச் செலவு. ஹீட்டர் மின்சாரத்தை அப்படியே வெப்பமாக மாற்றுகிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன மும்மடங்கு அனுகூலம் அதற்குக் கிடையாது.

இதோடு ஒன்பதாம் கேள்வியில் சொன்ன படிக்கட்டணமும் அவருக்கு உண்டு. 2024 ஜூலையில் அந்நகரின் ப்ரீபெய்ட் வீடுகளுக்கு மாதம் 200 ராண்ட், வாட் வரி சேர்த்து 230 ராண்ட், நிலைக்கட்டணமும் வந்தது. இரு ஊர்களை ஒப்பிட விரும்பினால் பன்னிரண்டு மாத யூனிட்டையும் கூட்டி 365ஆல் வகுத்துப் பாருங்கள். ஜனவரியை மட்டும் பார்த்தால் அண்ணன் ஊதாரி, ஜூலையை மட்டும் பார்த்தால் தம்பி ஊதாரி.

11. சென்னையில் என் சித்தி வீட்டில் மூன்று ஏசி. அவர்கள் கட்டுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே அவ்வளவு மலிவா?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல், அந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்கு அரசு மானியத்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். ஆகவே முதலில் அவர் சொல்லும் தொகை இரண்டு மாதத்துக்கு என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகும் அது நம்முடையதைவிடக் குறைவாக இருந்தால், மானியமும் அங்குள்ள விலையும் காரணம். அவர்களுடைய ஏசி சிறந்தது என்பதல்ல.

சொல்லப்போனால் அங்கே ஏசி நம் ஏசியைவிடக் கடினமாக உழைக்கிறது. கத்திரி வெயிலில் சென்னையின் இரவே நம் ஊர்ப் பகல் போல இருக்கும். ஒரே அறை, ஒரே ஏசி என்றாலும் அங்கே யூனிட் அதிகம் ஆகும். அவர்களது கோடை ஏப்ரல், மே. நமது கோடை டிசம்பர் முதல் மார்ச். மாதத்துக்கு மாதம் வைத்து ஒப்பிட்டால் அவர்களுடைய குளிர்காலத்தையும் நம் கோடையையும் ஒப்பிட்டதாகிவிடும்.

12. 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும், பிறகு 24க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று என் மகன் சொல்கிறான். சரியா?

சாதாரண ஏசியைப் பொறுத்தவரை தவறு. அது 18 என்றாலும் 24 என்றாலும் தொடக்கத்தில் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எங்கே நிற்பது என்பது மட்டுமே மாறும். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசி தொடக்கத்தில் சற்று வேகம் கூட்டக்கூடும், ஆனால் வித்தியாசம் சில நிமிடங்கள்தான். 24க்கு மாற்றிக்கொள்ளலாம் என்பவர்கள் அதற்குள் தூங்கிப் போகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. அங்கே 2020 ஜனவரி முதல் ஏசிகள் தொழிற்சாலையிலிருந்தே 24 டிகிரியில் அமைத்து வர வேண்டும் என்பது விதி. 18க்கும் 24க்கும் உள்ள ஆறு டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவு அடங்கியிருக்கிறது. டர்பன் இரவுக்கு 25 டிகிரியும் ஒரு மின்விசிறியும் போதும் என்பது என் கருத்து. மின்விசிறி 70 வாட்தான். எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

13. ரிமோட்டில் தண்ணீர்த்துளி போல ஒரு படம் இருக்கிறதே, அதைப் போட்டால் மிச்சமா?

அது ஈரப்பதம் நீக்கும் முறை. விசிறியை மெதுவாக ஓட்டி, காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றும். பிப்ரவரியில் மழை பெய்து ஓய்ந்த இரவில், வெப்பம் 24தான், ஆனால் போர்வை பிசுபிசுக்கிறது என்ற நிலையில் அதுவே போதும், செலவும் குறையும். பகல் வெயிலில் அதைப் போட்டால் அறை குளிராது, நீங்கள் மீண்டும் 18க்குப் போவீர்கள்.

14. இன்வெர்ட்டர் ஏசிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வருமா?

ஓட்டும் நேரத்தைப் பொறுத்தது. இரவுதோறும் எட்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு, பழைய வகையோடு ஒப்பிட இரவுக்கு 2 யூனிட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆறு ராண்ட். ஆண்டுக்கு 120 இரவுகள் என்றால் 720 ராண்ட். கடையில் இரண்டு வகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை 720ஆல் வகுத்தால் எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்று தெரியும். விருந்தினர் அறையில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓடும் ஏசிக்கு அந்தப் பணம் திரும்பி வராது.

அளவிலும் கவனம் தேவை. சிறிய அறைக்கு 'இருக்கட்டுமே' என்று 18000 மாட்டச் சொல்கிறார்கள். அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும்; ஈரம் வெளியேற நேரம் கிடைக்காது; அறை குளிர்ந்தும் புழுங்கும். ஒரு படுக்கையறைக்கு 9000 அல்லது 12000 போதும்.

15. சக்கரம் வைத்த ஏசி, தரையில் நிற்குமே, அது மலிவுதானே?

வாங்கும்போது மலிவு. ஒற்றைக் குழாயால் சூடான காற்றை ஜன்னல் வழியே வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். குளிர்வித்த காற்றையே வெளியே தள்ளி, சூடான காற்றை வரவழைக்கும் ஏற்பாடு அது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு வேறு வழி இல்லை. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

16. மூன்று வருஷமாக அதே ஏசி, அதே அறை. இப்போது மட்டும் குளிர நேரமாகிறது, யூனிட்டும் கூடுகிறது. ஏன்?

கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளியிருக்கும் வீடு என்றால் வெளிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் அவை வெளுத்து, தொட்டால் சாம்பல் நிறப் பொடியாக விரலில் ஒட்டும். கீழ்ப்பகுதியில் உதிர்ந்தே போயிருக்கும். வெப்பத்தை வெளியேற்றுவது அந்தத் தகடுகள்தான் என்பதால், அவை போனால் அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயால் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். உள்ளே இருக்கும் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

'கேஸ் போட வேண்டும்' என்று ஆண்டுதோறும் பணம் வாங்குபவரை நம்பாதீர்கள். கசிவு இல்லாவிட்டால் கேஸ் குறையாது; குறைந்திருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

17. சாட்ஸ்வொர்த்தில் பழைய கவுன்சில் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏசி போட்டும் மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு மாடி அறையின் உட்கூரையில் கை வைத்துப் பாருங்கள், சுடும். பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தைக் கூரை இரவு பத்து மணி வரை அறைக்குள் இறக்குகிறது. நீங்கள் அறையை மட்டுமல்ல, கூரையையும் சேர்த்துக் குளிர்விக்கிறீர்கள். உட்கூரைக்கு மேலே வெப்பக்காப்பு விரித்தால் பெரிய ஏசி வாங்கும் செலவைத் தவிர்க்கலாம்; குளிர்காலத்திலும் பயன்படும். உட்கூரையே இல்லாத அறையில் ஏசி மாட்டச் சொன்னால், முதலில் உட்கூரை போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

எச்சரிக்கை ஒன்று: ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைக்கவோ, தேய்க்கவோ, உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அந்த வேலைக்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

18. சோலார் போட்டால் ஏசியை இலவசமாக ஓட்டலாமா?

பகலில் ஓடும் ஏசிக்குச் சோலார் மிகப் பொருத்தம். வெயில் அதிகமான நேரத்தில் மின்சாரமும் அதிகம் கிடைக்கிறது. இரவு ஏசிக்குப் பேட்டரி வேண்டும், அங்கேதான் செலவு. லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டுக்காகச் சிறிய பேட்டரி வாங்கியவர்கள் அதில் ஏசியைச் சேர்க்க வேண்டாம். சோலார் தகடுகளுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 15000 ராண்ட் வரை கிடைத்த வருமான வரிச் சலுகை 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் உண்டு என்று சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

19. எல்லாம் சரி, என் வீட்டு ஏசி உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு படுக்கப் போகும் முன் டிபி போர்டில் கீசரை அணைத்து, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ரீபெய்ட் மீட்டரானால் மீதியுள்ள யூனிட் விசைப்பலகையின் திரையில் தெரியும். ஏசியை வழக்கம் போல ஓட்டிவிட்டு, காலையில் கீசரைப் போடும் முன் மீண்டும் குறியுங்கள். அடுத்த இரவு அதே நேரத்தில், ஏசி இல்லாமல் அதே போலச் செய்யுங்கள். இரண்டு இரவுச் செலவின் வித்தியாசம் உங்கள் ஏசியின் செலவு. இரண்டு இரவும் ஒரே மாதிரியான வெப்பமாக இருக்க வேண்டும். இடையில் தென்காற்று அடித்து மழை வந்தால் வேறொரு நாள் பாருங்கள். ஏசி இல்லாத இரவிலேயே மூன்று நான்கு யூனிட் போகிறது என்றால், பழைய உறைபெட்டியையும் வெளியே எரியும் விளக்குகளையும் பாருங்கள்.

20. வெளிக்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கரண்ட் வாடகையோடு சேர்த்து. இப்போது அவர்களும் ஏசி மாட்டிவிட்டார்கள். பில்லை எப்படிப் பிரிப்பது?

ஆள் கணக்கில் பிரிப்பதும், பாதிக்குப் பாதி என்பதும் சண்டையில்தான் முடிகின்றன. பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வெளிக்கட்டுக்குத் தனித் துணை மீட்டர் ஒன்றைப் பொருத்துவதே சரியான வழி. அதன் அளவை இரு தரப்பும் சேர்ந்து மாதம் ஒரே தேதியில் படம் பிடிக்க வேண்டும். விலை, உங்கள் ரசீதில் வாட் வரி சேர்த்து வரும் அதே விலையாக இருக்கட்டும். அதற்கு மேல் வைத்து விற்பது வம்பை விலைக்கு வாங்குவது.

துணை மீட்டர் பொருத்தும் வரை, பத்தொன்பதாம் கேள்வியில் சொன்ன இரண்டு இரவுச் சோதனையை அவர்களுடைய ஏசிக்கும் அவர்கள் முன்னாலேயே செய்து, வருகிற எண்ணை ஓடும் இரவுகளால் பெருக்கி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெளிக்கட்டுக்கான கம்பி எப்போது, எந்தத் தடிமனில் இழுக்கப்பட்டது என்பதை அதற்கு முன் பாருங்கள். ஒரு விளக்குக்கும் ஒரு பிளக்குக்கும் போட்ட மெல்லிய கம்பியில் ஏசியும் மின் அடுப்பும் சேர்ந்து ஓடினால், கம்பி சூடாகி உருகும். அந்தக் கம்பியை மாற்றிய பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.